கண்ணாடியைக் கழற்றிய பெரியவர்

(உடம்போடு ஒரு பேச்சு – 14)

பிறை, தாமான் சாய் லெங்கில் ஒரு காலைக் கடை. பக்கத்து மேசைப் பெரியவர் தமிழ் நாளிதழை விரித்து, கண்ணாடி போடாமலே மரண அறிவித்தல் பக்கத்தின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க தம்பி, அறுபத்து மூணு வயசு. மூணு மாசமா கண்ணாடியத் தொடவே இல்ல லா."

கூட இருந்தவர்கள் மெச்சினார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"தூரத்துல வர்ற பஸ் நம்பர் தெரியுதாண்ணே?"

"அது கொஞ்சம் மங்கல்தான்."

அறுபதைத் தாண்டியவருக்குக் கிட்டப்பார்வை திடீரென்று தெளிந்தால் அது இளமை திரும்பியதன் அடையாளம் இல்லை. கண்ணின் வில்லையில் புரை முற்றத் தொடங்கியிருக்கலாம். இல்லையென்றால் இரத்தத்தில் சீனி ஏறியிருக்கலாம். சீனி பல வாரம் உயர்ந்தே நின்றால் வில்லையின் நீர்ச்சத்து மாறி, அதன் பவரும் மாறும். கிட்டத்தில் தெளிவு, தூரத்தில் மங்கல். சீனி இறங்கியதும் பவர் மறுபடி மாறும். இந்த நேரத்தில் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடிக்குச் சொல்லி வைத்தால், அது இரண்டு மாதத்தில் மேசை இழுப்பறைக்குப் போய்விடும். சீனி சில வாரம் நிலையாக நிற்கும்வரை பொறுப்பது பணத்துக்கும் நல்லது.

நம் ஊருக்கும் சீனிக்கும் உறவு பழையது. நாட்டின் முதல் சீனிச் சுத்திகரிப்பு ஆலை 1964-இல் பிறையில்தான் ஓடத் தொடங்கியது. ஆலைமேல் பழி போட்டுப் பயனில்லை. தே தாரிக்கில் இனிப்புப் பால் ஊற்றச் சொன்னது நாம்தான். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4. இதைவிட என்னை உறுத்துவது அதே ஆய்வின் இன்னொரு கணக்கு: நோய் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியாது.

கண்ணைக் காப்பது என்றால் கேரட், குளிர்ந்த நீர், கைப்பேசியைத் தள்ளி வைப்பது என்றுதான் பேசுகிறோம். நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் இனிப்புநீர் உள்ள வீடுகளில் பார்வையைப் பறிப்பது விழித்திரையில் நடப்பது. அங்குள்ள இரத்தக் குழாய்கள் மயிரிழையைவிட மெல்லியவை. சீனி அவற்றின் சுவரை அரிக்கிறது. குழாய் கசிகிறது, அடைபடுகிறது. பிறகு அடைபட்ட இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. வலுவற்ற அந்தக் குழாய்கள் உடைந்தால் கண்ணுக்குள்ளே இரத்தம் நிறைகிறது. இவ்வளவும் நடக்கும்போது வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல்கூட இல்லை. கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள் மிதந்து, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறையும்போது, பல காலம் கடந்திருக்கும்.

2007-இல் மலேசியாவின் இனிப்புநீர்க் கண் பதிவேட்டில் சேர்ந்தவர்களில் 36.8 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பு ஏதோ ஓர் அளவில் இருந்தது.

"நான் வருசா வருசம் கண் டெஸ்ட் பண்றேனே" என்பார்கள். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிப்பது பவர் பார்க்கத்தான். விழித்திரையைப் பார்க்க, சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்க்க வேண்டும், அல்லது அதற்கான கேமராவில் படம் எடுக்க வேண்டும். இனிப்புநீர் என்று தெரிந்த அன்றே ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. கர்ப்பிணிகளுக்கு இன்னும் அடிக்கடி. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெயில் கூசும், எழுத்து தெரியாது. அன்று மோட்டாரை வீட்டில் விட்டுவிட்டு மகனையோ மகளையோ கூட்டிப் போங்கள். நம் ஆட்கள் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட முக்கியக் காரணமே அரைநாள் சம்பளம் போவதும், திரும்ப வண்டி ஓட்ட முடியாததும்தான் என்பது என் கணிப்பு.

முன்கூட்டிக் கண்டுபிடித்தால் லேசர் இருக்கிறது, கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. பெரும்பாலும் இவை இருக்கிற பார்வையைக் காக்கும். போன பார்வையை அப்படியே திருப்பித் தருவது அரிது. சீனியைக் கட்டுக்குள் வைப்பதற்கு இணையான மருந்து இன்னும் வரவில்லை. 1993-இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வொன்றில், இன்சுலின் போட்டே ஆகவேண்டிய முதல் வகை நோயாளிகள் சீனியை இறுக்கிப் பிடித்தபோது, விழித்திரைப் பாதிப்பு புதிதாக வரும் அபாயம் 76 விழுக்காடு குறைந்தது. இரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பிடியுங்கள். கசியும் குழாயில் அழுத்தமும் கூடினால் என்ன ஆகும் என்று பைப் வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பெரியவர் அரசாங்க கிளினிக்குக்குப் போனார். சீனிதான். மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் பஸ் நம்பர் தெரிந்தது, நாளிதழ் மங்கியது. பழைய கண்ணாடி மூக்குக்குத் திரும்பிவிட்டது. "நல்லா இருந்த கண்ணக் கெடுத்துட்டீங்க தம்பி" என்று இன்றும் என்மேல்தான் கோபம்.

உங்கள் வீட்டிலும் ஓர் இனிப்புநீர்ப் புத்தகம் இருக்கும். இன்று இரவே எடுத்து, கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்த தேதி எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அடுத்த முறை டாக்டரிடம் அதை முதலில் கேளுங்கள்.

(அடுத்த வாரம்: கால்)