கல்லூரி வாசல் – 6: எந்த வழியாக உள்ளே போனாய்?

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது. பொறியியல் கலந்தாய்வு சூடுபிடிப்பதற்குள் ஜூலை பிறந்துவிடும். இடைப்பட்ட அந்த இரண்டு மாதங்களில்தான் நம் பிள்ளைகளில் பலர், உரிமையோடு கிடைத்திருக்க வேண்டிய அரசு உதவியைத் தொலைக்கிறார்கள். மதிப்பெண் குறைந்து தொலைப்பதில்லை, அவசரப்பட்டு.

ரிசல்ட் வந்த வாரமே கல்லூரிக்குப் பிள்ளை பிடிக்கும் ஆள் வீடு தேடி வருகிறார். "கவுன்சலிங் வரைக்கும் காத்திருந்தா கம்ப்யூட்டர் சயின்ஸ் போயிடும்மா. இப்பவே கொஞ்சம் அட்வான்ஸ் கட்டி சீட்டைப் பிடிச்சிடுங்க. முதல் பட்டதாரி சலுகையெல்லாம் காலேஜே வாங்கிக் கொடுத்துடும்." அசல் சான்றிதழ்களையும் கையோடு வாங்கிப் போகிறார். அது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் என்பதை அவர் சொல்வதில்லை. வீட்டில் யாருக்கும் கேட்கவும் தெரிவதில்லை.

முதல் பட்டதாரி சலுகை 2010-11 கல்வியாண்டில் வந்தது. சாதி பார்ப்பதில்லை, வருமான வரம்பும் இல்லை. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் கிடைக்கும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறை விசாரித்துச் சான்றிதழ் தரும். ஆனால் அந்தச் சான்றிதழ் கையில் இருந்தாலும், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவருக்குத்தான் தொழிற்படிப்பில் கட்டணச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்கு அது வெறும் காகிதம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இழப்பு இன்னும் பெரிது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என விரிந்தது. இதில் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. கூலி வேலைக்குப் போகும் ஒரு தாயின் மகள் நான்காண்டுப் பொறியியலைக் கடனில்லாமல் முடிக்கலாம். அந்த மகளை மே மாதமே நிர்வாக ஒதுக்கீட்டில் உட்கார வைத்து, தாயை வட்டிக்கு அலைய விடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையிலும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இடமில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி கல்விக் கடனிலும் இல்லை. ஆகவே இவற்றில் எந்த உதவி வேண்டுமானாலும் முதலில் கலந்தாய்வுக்குப் பதிவு செய்யுங்கள். அசல் சான்றிதழ்களை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வருமான வரம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டியல் சாதியினருக்கான அந்த போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வரம்பு 2.5 லட்சம் ரூபாய் என்று 2013-ல் வைத்தார்கள். 2021-ல் விதிமுறைகளைத் திருத்தி எழுதியபோதும் அந்த எண்ணைத் தொடவில்லை. மாதக் கணக்கில் 21,000 ரூபாய்கூட இல்லை. கணவன் மில்லுக்கும் மனைவி கடைக்கும் வேலைக்குப் போனாலே இதைத் தாண்டிவிடும். தாண்டியது ஆயிரம் ரூபாயாக இருந்தாலும் பிள்ளைக்கு மொத்த உதவியும் நின்றுபோகிறது. வரம்பை உயர்த்துவது மட்டும் போதாது. வருமானம் கூடக் கூட உதவி படிப்படியாகக் குறையும்படி மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து.

வரம்பே இல்லாத உதவியும் நம்மிடம் உண்டு. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வழியாக மாணவர்களுக்கும் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். பட்டப் படிப்புக்கு மட்டுமல்ல, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.க்கும் உண்டு; தொலைதூரக் கல்விக்கு இல்லை. பள்ளியில் பிள்ளைக்குக் கொடுத்த எமிஸ் எண்ணை வைத்துத்தான் சரிபார்ப்பு நடக்கிறது என்பதால் டி.சி. வாங்கும்போதே அதைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் வங்கியில்தான் சிக்கல். கணக்கு தொடங்க ஆதார் நகல் கொடுத்திருப்போம். அரசுப் பணம் வருவதற்கு அது போதாது. இந்தக் கணக்கில்தான் மானியம் வர வேண்டும் என்று தனியாக ஒப்புதல் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தால், கடைசியாக எங்கே அப்படி இணைத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். எட்டாம் வகுப்பில் தொடங்கி மறந்துபோன பழைய கணக்கில் ஓராண்டுத் தொகை கிடந்தாலும் கிடக்கும். இணைந்திருக்கும் வங்கி எது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம். கல்லூரி திறக்கும் முன்பே அதைப் பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)