மாற்று ஆட்டக்காரரின் மதிப்பு

மணப்பாடு, பெரியதாழை, உவரி எனத் தொடரும் நெய்தல் நிலக் கடற்கரையில் கால்பந்து மக்கள் மனங்கவர்ந்த விளையாட்டாகும். ஆட்டம் முடிந்தாலும் முடியாத வழக்கொன்று ரசிகர்களிடையே உண்டு. முதன்மையான முன்கள வீரர் இருக்க, அவருக்கு மாற்றாகக் காத்திருப்பவரால் அணிக்கு என்ன பயன் என்பதே அது. “பத்து நிமிடம் ஆடுபவருக்கு இத்துணைப் பெருமையா?” என்பர் ஒரு சாரார். “பத்து நிமிடத்தில் கோல் அடித்தவர் முழுநேரமும் ஆடினால் எத்தனை அடிப்பார்!” என்பர் மறு சாரார். இவற்றுள் எது பொருந்தும் என்பதைக் காண்போம்.

உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரை இறக்கும் உரிமை 1970ஆம் ஆண்டு மெக்சிகோவில்தான் முதன்முதலாக வழங்கப்பெற்றது. அப்போது ஓர் அணிக்கு இருவரே இறங்கலாம். அதற்கு முன்னர் ஒருவர் காயமுற்று வெளியேறினால் எஞ்சிய பத்துப் பேரே போராட வேண்டும். ஐவர் வரை மாற்றலாம் என்னும் ஏற்பாடு 2020இல் தற்காலிகமாக வந்து, 2022இல் நிலையான விதியாயிற்று. மாற்று ஆட்டக்காரரின் தேவை வளர்ந்து வருவதற்கு இதுவே சான்று.

எனினும் இரு சாராரும் தவறான அளவுகோலையே கையாளுகின்றனர். மாற்று ஆட்டக்காரர் பெரும்பாலும் எதிரணியினர் களைத்திருக்கும் வேளையில் இறங்குகிறார். அப்போது அடித்த கோலை முழுநேர ஆட்டத்துக்குப் பெருக்கிக் கணக்கிடுதல் பொருந்தாது. அவ்வாறே, ஆடிய நிமிடங்களை மட்டும் எண்ணி அவரைச் சிறுமைப்படுத்துதலும் முறையன்று. முதன்மை வீரர் இல்லாத நாளில் அணி எவ்வளவு தாழாமல் நிற்கிறது என்பதே சரியான அளவுகோல்.

2014ஆம் ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். காயமுற்ற கெதிராவின் இடத்தில் கிராமர் ஆடினார். அவரும் அடிபட்டதால் 31ஆம் நிமிடத்தில் ஷூர்லே இறங்கினார். 88ஆம் நிமிடத்தில் குளோசேவுக்கு மாற்றாகக் கோட்சே வந்தார். 113ஆம் நிமிடத்தில் ஷூர்லே அனுப்பிய பந்தைக் கோட்சே கோலாக்கினார். அந்த ஒரே கோலால் ஜெர்மனி கோப்பையை வென்றது. கொடுத்தவரும் அடித்தவரும் மாற்று ஆட்டக்காரரே!

நம் தமிழகத்தார் தந்த சான்று கிரிக்கெட்டில் உண்டு. 2021 சனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் ஆட்டத்தின்போது இந்திய அணியின் முன்னணிப் பந்து வீச்சாளர் பலர் காயமுற்றிருந்தனர். வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காக அணியுடன் இருந்த சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராசனும், சென்னை வாசிங்டன் சுந்தரும் அங்கே தம் முதல் டெஸ்டை ஆடினர். முதல் இன்னிங்சில் இருவரும் தலா மூன்று விக்கெட் வீழ்த்தினர். இந்தியா 6 விக்கெட் இழந்து 186 ஓட்டங்களுடன் தத்தளித்தபோது சுந்தர் 62 ஓட்டங்கள் எடுத்தார். 1988க்குப் பின் அத்திடலில் தோல்வியே காணாதிருந்த ஆஸ்திரேலியா அன்று தோற்றது.

கடல் அமைதியாய் இருக்கையில் படகிலுள்ள மாற்றுத் துடுப்பு வீண்சுமையாகவே தோன்றும். நடுக்கடலில் இயந்திரம் நின்றுவிட்டாலோ, கரை சேர்ப்பது அதுவே. ஆனால் பழுதறப் பேணிய துடுப்பே கைகொடுக்கும். ஆட்டக்காரருக்கும் அஃதே பொருந்தும். அழைப்பு வராத நாள்களிலும் பயிற்சியைக் கைவிடாதவரே அழைப்பு வரும் நாளில் பயன்படுவார். அணியில் இடம் கிட்டாது வெளியே அமர்ந்திருக்கும் மாணவர் இதனை உளங்கொள்வாராக. அவரைத் தேர்ந்த ஆசிரியரும் அவரை மறவாதிருப்பாராக.