பின்னணிப் பணிவரிசை: ஏற்றதும் முடித்ததும்

ஈசூன் உணவங்காடி ஒன்றில் நண்பகல் வேளை. தோசைக் கடைக்காரர், வந்தவர் கேட்டதைச் சீட்டில் குறித்து, எண்ணைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரை நோக்குகிறார். கல்லருகில் நிற்பவரோ சீட்டுகளை முறையே எடுத்துத் தோசை வார்க்கிறார். ஒருவருடைய தோசை வெந்து முடியும்வரை ஏனையோரின் சொல் கேட்கப்படாமல் நிற்பதில்லை. இணையச் செயலிகளில் ‘பணிவரிசை’ எனப்படுவதும் இத்தகையதே. கேட்டதை ஏற்பவர் வேறு. செய்து முடிப்பவர் வேறு.

இதன் தேவை யாது? பள்ளியொன்றின் செயலி வாயிலாக ஆசிரியர் ஒருவர் 600 மாணவரின் மதிப்பெண் மடல்களை அனுப்பப் பணிக்கிறார் என்று கொள்வோம். மடல் ஒன்றுக்கு 4 வினாடி ஆகுமாயின் மொத்தம் 40 நிமிடம் வேண்டும். அதற்குள் இணைப்பு அறுந்துபோகும். பணி நடைபெறவில்லை என எண்ணி ஆசிரியர் மீண்டும் பொத்தானை அழுத்துவார். பெற்றோர் சிலருக்கு இரண்டு மடல், சிலருக்கு ஒன்றுமில்லை. ஆதலின் செயலி 600 பணிகளையும் வரிசையில் எழுதி வைத்துவிட்டு உடனே மறுமொழி கூறுகிறது. இணைய நெறிமுறையில் இதற்கென 202 என்னும் குறியெண் உண்டு. ‘ஏற்றுக்கொண்டோம்’ என்பதே அதன் பொருள்; ‘முடித்துவிட்டோம்’ என்பதன்று.

நாமறிந்த சான்று, 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. அதனை இயக்கும் மென்பொருள் மீடியாவிக்கி. பல பக்கங்களுக்கும் பொதுவான பகுதியை அங்கே ‘வார்ப்புரு’ என்பர். சிங்கப்பூர் நகரங்களின் பட்டியல் ஒரு வார்ப்புருவாக ஈசூன், தெம்பனிஸ், உட்லண்ட்ஸ் முதலிய பக்கங்களின் அடியில் நிற்குமாயின், அதில் ஒரு பெயரைத் திருத்தியதும் அப்பக்கங்கள் அனைத்தும் புதுக்கப்பட வேண்டும். திருத்தியவரைக் காக்க வைக்காமல் அவ்வேலை வரிசைக்குச் செல்கிறது. மென்பொருளை நிறுவியபடியே விட்டால், பக்கம் காண வருவோரின் வருகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி வீதம் நிறைவேறும். சிறு தளத்துக்கு இது போதும். கூட்டம் மிகுந்த தளத்திலோ, படிக்க வந்தவர் பிறர் சுமையையும் சுமக்க நேரும். ஆதலின் அங்கே அவ்வெண்ணைச் சுழியாக்கி, பணிகளைத் தனி நிரலிடம் ஒப்படைப்பர்.

வரிசையை அமைப்போர் நான்கு கூறுகளை ஆராய்தல் வேண்டும்.

முதலாவது, பணியாற்றும் நிரல்களின் தொகை. நான்கு நிரல்கள் ஒருசேர இயங்கினால் 40 நிமிட வேலை 10 நிமிடத்தில் முடியும். நாற்பதை ஏவினால் ஒரு நிமிடத்தில் முடியும் என்று எண்ணலாகாது, தரவுத்தளமே திணறிவிடக்கூடும்.

இரண்டாவது, வரிசைகளின் தொகை. கடவுச்சொல்லை மறந்தவர் கேட்கும் மடல், அந்த 600 மடல்களுக்குப் பின்னால் நிற்கலாமா? அவசரப் பணிக்குத் தனி வரிசை வேண்டும்.

மூன்றாவது, காலக்கெடு. பணியை எடுத்த நிரல் இடையில் நின்றுபோனால், குறித்த கெடுவுக்குப் பின் அப்பணி வரிசைக்கு மீள வேண்டும். மீடியாவிக்கியில் இயல்பாக உள்ள கெடு 3,600 வினாடி. பணிக்கு வேண்டிய நேரத்தினும் கெடு குறைந்தால், ஒரே பணியை இரண்டு நிரல்கள் செய்யும். ஆகவே ‘இம்மாணவருக்கு இம்மடல் சென்றது’ என்று குறித்து வைத்து, அனுப்புமுன் அக்குறிப்பைப் பார்த்தல் இன்றியமையாதது.

நான்காவது, தோல்வி. சில முறை முயன்றும் முடியாத பணியைத் தனிப் பட்டியலில் இட்டு, மனிதர் கண்ணில் படச் செய்தல் வேண்டும்.

இந்நான்காவதே பெரிதும் மறக்கப்படுவது. பின்னணியில் ஒரு பணி தவறினால் திரையில் பிழை எதுவும் தோன்றாது. 599 மடல்கள் சென்றுவிட்டன. எஞ்சிய ஒன்றுக்காகக் காத்திருக்கும் இல்லத்திற்குச் செயலியின் வேகத்தால் என்ன பயன்? ஆதலின் ஆசிரியர்கள், தம் பள்ளிக்குச் செயலி அமைப்பாரிடம் ஒரு வினாவைத் தவறாமல் கேட்க வேண்டும்: “செல்லாதவற்றின் பட்டியலை எங்கே காணலாம்?”