வயற்காட்டு மாணவருக்குச் சில புஸ்தகங்கள்

பரீட்சைக்கு உதவாத புஸ்தகத்தைப் பையன் கையில் எடுத்தால் பாழாய்ப் போய்விடுவான் என்பது தஞ்சைப் பக்கத்துப் பெற்றோரில் பலருடைய சித்தாந்தம். அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் குழந்தையை வாய்க்கால் கரைக்கு அழைத்துச் சென்று, வயற்சேற்றில் மேயும் பட்சிகளில் ஐந்தின் பெயரைக் கேளுங்கள். பெரும்பாலும் 'கொக்கு' என்பதோடு கணக்குத் தீர்ந்துவிடும். பெங்குவினைப் பற்றி ஒப்பிக்கும் குழந்தைக்கு மடையானையும் உண்ணிக்கொக்கையும் பிரித்தறியத் தெரியாது. நடவு நடும் ஸ்திரீகளுக்கு இரண்டும் தெரியும். அவர்களுக்குப் பின் அந்த ஞானம் யாரிடம் இருக்கப் போகிறது?

ஆகையால், இயற்கையில் நாட்டமுள்ள மாணவர் முதலில் மா. கிருஷ்ணனைப் படிக்க வேண்டும் என்பேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் அவர் (1912–1996). 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் இறக்கும்வரை எழுதிவந்தார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுதியாகத் தியடோர் பாஸ்கரன் பதிப்பித்திருக்கிறார். யானையைக் கவனித்த அதே சிரத்தையோடு காக்கையையும் அணிலையும் கவனித்தவர் கிருஷ்ணன். அவரைப் படித்தவனுக்கு வீட்டுக் கொல்லையே காடாகிவிடும்.

நம் வயலில் விஷயத்துக்கா பஞ்சம்? நத்தைகுத்தி நாரை அலகை மூடிய பிறகும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். இளம் பறவைகளுக்கு அது கிடையாது. வளர வளரத்தான் உண்டாகிறது. இதை ஒரு பையன் தானாகக் கண்டுகொண்டானானால், அவன் வாங்கும் மார்க்கைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். (அவன் தகப்பனார் கவலைப்படுவார், அது வேறு விஷயம்.)

பெயர்களுக்குக் க. ரத்னத்தின் 'தமிழ்நாட்டுப் பறவைகள்' உதவும். ஆங்கிலம் படிக்கக்கூடியவர் ஸலீம் அலியின் 'இந்தியப் பறவைகள்' (1941) என்ற நூலையும் 1985-ல் வெளிவந்த அவருடைய சுயசரிதத்தையும் தேடிப் பெறலாம். சிறுவயதில் தாம் சுட்ட, தொண்டையில் மஞ்சள் புள்ளியுள்ள குருவி எது என்று விசாரிக்கப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்குப் போனவர், வாழ்நாள் முழுவதும் பட்சிகளை விடவே இல்லை.

மேல்வகுப்பு மாணவர், முக்கியமாக விவசாயக் குடும்பத்தினர், ராச்சல் கார்ஸனின் 'மௌன வசந்தம்' (1962) படிக்க வேண்டும். பூச்சியைக் கொல்லத் தெளித்த மருந்து மண்ணிலும் நீரிலும் தங்கி, மீனுக்கும் பறவைக்கும் எவ்வாறு போய்ச் சேர்கிறது என்று காட்டும் நூல். அமெரிக்காவைப் பற்றியதுதான், ஆனால் மருந்து தெளித்த வயலின் வரப்பில் நின்று படித்தால் அவ்வாறு தோன்றாது.

கிருஷ்ணனும் ரத்னமும் கைவசம் இருந்தால், மார்கழி விடுமுறையில் கோடிக்கரைக்குப் போகலாம். 1967 முதல் அது சரணாலயம். வெளிமான் உண்டு, குளிர்காலத்தில் வடதேசங்களிலிருந்து பட்சிகள் வந்து இறங்கும். பைனாகுலர் இல்லையென்று தயங்க வேண்டாம். பூநாரைக் கூட்டம் வந்திருந்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும்.