ஆளாக்கியது எது? – 9: ஒரே வறுமை, இரண்டு கைகள்

அடி உதவுவது போல அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களில் தொடங்கிப் பட்டறை மேஸ்திரிகள் வரை எத்தனையோ பேர் இதைச் சொல்லிக் கையை ஓங்கியிருக்கிறார்கள். ‘நாங்கள்லாம் அடிபட்டு வளர்ந்தவங்க, அதனாலதான் இன்னைக்கு ஆளாயிருக்கோம்’ என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் எல்லா வீட்டிலும் ஒருவராவது உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் வருகிற வாரத்தில் நாளிதழைப் புரட்டினால் இதே எண்ணம் வேறு வேஷத்தில் வரும்: வறுமைதான் இந்தப் பிள்ளையைச் சாதிக்க வைத்தது என்று. எனக்கு அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துவிடும். அந்தப் பிள்ளை பட்ட பட்டினிக்கு நாம் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோமே என்று இருக்கும். இந்த எண்ணத்தை உரசிப் பார்க்க மாக்சிம் கார்க்கியின் இளமைப் பருவத்தைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரிந்து இல்லை.

சென்ற இதழில் சார்லஸ் டிக்கன்ஸைப் பார்த்தோம். 12 வயதில் லண்டனில் பூட்ஸ் மை ஜாடிகளுக்கு லேபிள் ஒட்டிய நாட்களை அவர் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்தார். அவர் இறந்த பிறகு நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் விஷயம் வெளியே வந்தது. கார்க்கி இதற்கு நேர் எதிர். பட்ட பாட்டையெல்லாம் மூன்று புத்தகங்களாக எழுதி உலகத்துக்கே சொன்னார். நம் வாசகர்கள் பலருக்கு அவர் தொ.மு.சி. ரகுநாதன் தமிழில் தந்த ‘தாய்’ நாவலின் ஆசிரியர். என்னைக் கேட்டால், 1913 முதல் 1923 வரையான ஆண்டுகளில் வெளிவந்த அந்தச் சுயசரிதை நூல்கள் ‘தாய்’க்கு ஒரு படி மேல்.

அலெக்ஸெய் பெஷ்கோவ் என்பது பெற்றோர் வைத்த பெயர். 1868-ல் ரஷ்யாவின் வோல்கா நதிக்கரையில் உள்ள நீஷ்னி நோவ்கோரத் நகரில் பிறந்தான். மூன்று வயதில் அவனுக்குக் காலரா கண்டது. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட அப்பாவுக்கும் அது தொற்றியது. பிள்ளை பிழைத்துவிட்டான், அப்பா பிழைக்கவில்லை. அம்மா அவனை அழைத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தாள். அது தாத்தா வஸீலி கஷீரினின் வீடு. துணிக்குச் சாயம் போடும் பட்டறையும் அதே வீட்டில்தான். சொத்தைப் பிரிக்கச் சொல்லி மாமன்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். சனிக்கிழமை வந்தால் தாத்தா, அந்த வாரம் தப்புச் செய்த பேரப்பிள்ளைகளை வரிசையாகப் பெஞ்சில் படுக்க வைத்து மிலாறால் விளாசுவார்.

பட்டறையில் வெள்ளைத் துணி வேறு நிறமாக மாறுவதை அந்தச் சிறுவன் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் மாமன் மகன் தூண்டிவிட, அலமாரியில் இருந்த வெள்ளை மேஜை விரிப்பை எடுத்து நீலச் சாயத்தில் முக்கிவிட்டான். அந்தச் சனிக்கிழமை விழுந்த அடியில் நினைவு தப்பியது. பட்டறையில் வேலை பார்த்த ஸிகானக் என்ற இளைஞன், அடி பிள்ளை மேல் விழாமல் இருக்கத் தன் கையைக் குறுக்கே நீட்டியிருக்கிறான். பிறகு கட்டிலருகே வந்து சட்டையைச் சுருட்டி, சிவந்து தடித்திருந்த கையைக் காட்டினானாம். படுக்கையில் கிடந்த அந்த நாட்களுக்குப் பிறகுதான் பிறத்தியார் வலியும் தன் வலியைப் போலவே தன்னை உறுத்த ஆரம்பித்தது என்று கார்க்கி எழுதுகிறார். அடி தந்த பாடம் என்று இதைச் சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அதே பெஞ்சில் அதே மிலாறால் அடி வாங்கிய மாமன் பிள்ளைகளுக்கு அப்படி எதுவும் நேரவில்லை. எனக்கு அந்த இடத்தில் கண்ணில் நிற்பது குறுக்கே வந்த கைதான்.

அடித்த தாத்தா, சில நாள் கழித்துத் தின்பண்டங்களோடு வந்து பேரன் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் கதையைச் சொன்னார். சிறு வயதிலேயே அனாதை. வாலிபத்தில் வோல்கா நதியில் சரக்குப் படகு இழுத்தவர். நெஞ்சில் வாரை மாட்டிக்கொண்டு, கரையோரக் கல்லிலும் சேற்றிலும் வெறுங்காலோடு, ஆற்றின் போக்குக்கு எதிராக மைல் கணக்கில் படகை இழுத்துப் போகிற வேலை அது. மனிதர்களை மாடாக்கிய வேலை. அதிலிருந்து மேலே ஏறி, சொந்தப் பட்டறை வைத்து, சாயக்காரர் சங்கத்துக்கே தலைவரானார் வஸீலி.

பாட்டி அக்குலீனா இவானவ்னாவும் செல்வத்தில் பிறந்தவள் இல்லை. அவளுடைய தாய் சரிகைப் பின்னல் போடும் பண்ணையடிமை. கை விளங்காமல் போனதும் ஊர் ஊராகப் பிச்சை எடுத்து மகளை வளர்த்தாள். தெருவில் தாயின் கை பிடித்துப் பிச்சைக்கு நடந்த பெண்தான் இந்தப் பாட்டி.

இரண்டு பேரும் ஒரே வறுமையிலிருந்து வந்தவர்கள். ஐம்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். வறுமைக்கு மனிதனைச் செதுக்குகிற சக்தி இருந்தால் இருவரும் கொஞ்சமாவது ஒன்றுபோல் ஆகியிருக்க வேண்டாமா? தாத்தாவுக்கு அது காசைப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது. முதுமையில் சொத்தெல்லாம் கரைந்த பிறகு, ஒருநாள் சாப்பாட்டுச் செலவு உன்னுடையது, மறுநாள் என்னுடையது என்று மனைவியிடம் கணக்கைப் பிரித்தார். ஒரே கெட்டிலில் தேநீர் போடும்போது அவள் போட்ட தேயிலையும் தான் போட்ட தேயிலையும் சரியாக இருக்கிறதா என்று உள்ளங்கையில் கொட்டி எண்ணிப் பார்த்தார். அந்தப் பாட்டியோ, ராத்திரி ஊர் அடங்கியதும் பேரனைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். தங்களைவிட இல்லாதவர்கள் வீட்டு ஜன்னல் விளிம்பில் ஒரு நாணயமும் கொஞ்சம் ரொட்டியும் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வந்துவிடுவாள். யார் வைத்தது என்று அந்த வீட்டாருக்குத் தெரியாது.

பேரன் குப்பையில் எலும்பும் கந்தையும் பொறுக்கி விற்றான். பள்ளியில் உடன் படித்த பிள்ளைகள், இவன் மேல் குப்பை நாற்றம் வருகிறது, பக்கத்தில் உட்கார முடியாது என்று ஆசிரியரிடம் புகார் சொன்னார்கள். தினமும் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன் என்று, ஐம்பதை நெருங்கும் வயதிலும் அந்த அவமானம் ஆறாமல் எழுதுகிறார் கார்க்கி. நன்றாகப் படித்ததற்காகப் பள்ளியில் சில புத்தகங்கள் பரிசாகக் கிடைத்தன. வீட்டுக்கு வந்தால் பாட்டி காய்ச்சலில் கிடக்கிறாள், காசு இல்லை. புத்தகங்களைக் கடையில் போட்டு 55 கோபெக் வாங்கிப் பாட்டியிடம் கொடுத்தான். பள்ளிப் படிப்பும் அத்தோடு சரி.

1879-ல் அம்மா காசநோயில் இறந்தாள். அடக்கம் முடிந்த சில நாட்களில், இனி உன்னை வைத்துச் சோறு போட முடியாது, போய்ப் பிழைத்துக்கொள் என்று தாத்தா அனுப்பிவிட்டார். அவனுக்கு அப்போது 11 வயது.

செருப்புக் கடையில் எடுபிடி. பிறகு கட்டட வரைபடம் போடுகிறவர் வீட்டில் வேலைக்காரன். அதன் பிறகு வோல்காவில் ஓடிய நீராவிக் கப்பலில் பாத்திரம் தேய்ப்பவன். அந்தக் கப்பலின் சமையல்காரர் ஸ்முரி பழைய பட்டாளத்துக்காரர். மலை மாதிரி உடம்பு, எரிந்து விழுகிற சுபாவம், குடிப்பழக்கம். இரும்புப் பட்டை அடித்த பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தார். வேலை நேரத்தில் அலெக்ஸெயைக் கூப்பிட்டு, உட்கார்ந்து எனக்குப் படித்துக் காட்டு என்பார். அவன் தேய்க்க வேண்டிய பாத்திரங்களை வேறொருவன் தலையில் கட்டிவிடுவார். கோகலின் ‘தாராஸ் புல்பா’வைப் படித்தபோது அந்த முரட்டு ஆள் அழுதுவிட்டார். நீ படி, படிக்கிறதை விட்டுவிடாதே என்று அந்தப் பையனிடம் சொன்னவர் அவர்தான். பின்னாளில் உலகப் புகழ் வந்த பிறகு, உங்கள் ஆசிரியர்கள் யார் என்ற கேள்விக்கு கார்க்கி சொன்ன பெயர்களில் ஸ்முரி உண்டு.

கப்பல் வேலை போய் மறுபடி அந்த வரைபடக்காரர் வீட்டுக்கே வந்தான். அங்கே புத்தகம் என்றாலே ஆகாது. ராத்திரியில் படித்துவிடுவானோ என்று மெழுகுவத்தியை அளந்து வைத்துவிட்டுப் படுப்பார்கள். அவன் நிலா வெளிச்சத்தில் படிக்கப் பார்த்தான். எழுத்து தெரியவில்லை. பரணிலிருந்து செம்புப் பாத்திரம் ஒன்றை எடுத்து, நிலவொளியை அதில் வாங்கிப் பக்கத்தின் மேல் விழ வைத்துப் பார்த்தான். இன்னும் மங்கலாகப் போனது. கடைசியில் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு, சாமி படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கில் படித்தான். ஒருநாள் படிப்பு மும்முரத்தில் சமோவாரில் தண்ணீர் வற்றி, அது உருகிப் போய்விட்டது. வீட்டுக் கிழவி பைன் மரச் சிராய்க் கட்டை எடுத்து முதுகில் அடித்தாள். சிராய்கள் சதைக்குள் இறங்கிவிட்டன. அவற்றைப் பிடுங்கி எடுத்த மருத்துவர், இதைச் சும்மா விடக் கூடாது, வழக்குப் போடலாம் என்றார். வீட்டார் நடுங்கிப் போனார்கள். பையன் புகார் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக, பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவியிடம் புத்தகம் இரவல் வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டான்.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றும். என்ன உறுதி என்று வியப்பு ஒரு பக்கம். ஒரு பிள்ளை புத்தகம் படிக்கத் தன் முதுகை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்ததே என்ற கோபம் இன்னொரு பக்கம். கோபம்தான் சரி என்று இப்போதெல்லாம் நினைக்கிறேன்.

அடியும் வறுமையும் ஆளாக்கவில்லை என்றால், சில பிள்ளைகளை ஆளாக்குவது எது? ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை, எமி வெர்னர், ரூத் ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தக் குழந்தைகளுக்கு 40 வயதாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடிகாரப் பெற்றோர், குடும்பச் சண்டை என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று: சின்ன வயதில் அவர்களை ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்தார். அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி, அத்தை, ஆசிரியர், பக்கத்து வீட்டார், யாராகவும் இருக்கலாம்.

அப்படிப்பட்டவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கார்க்கியின் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது. 1884-ல், 16 வயதில், பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று கஸான் நகருக்குப் போனான். சேர முடியவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கினான். பிறகு நிலவறையில் இருந்த ஒரு ரொட்டிப் பட்டறையில் ஒரு நாளைக்கு 14 மணி நேரம் மாவு பிசைந்தான். 1887-ல் ஊரிலிருந்து கடிதம் வந்தது. கோயில் வாசலில் பிச்சைக்கு நின்ற பாட்டி, விழுந்து கால் முறிந்து, புண் அழுகி இறந்துவிட்டாள். அடக்கம் முடிந்தே ஏழு வாரம் ஆகியிருந்தது. பாட்டி எவ்வளவு நல்லவள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. கேட்க ஆள் இல்லை. செகாவ் கதையில் வரும் வண்டிக்காரன் தன் மகன் இறந்த துக்கத்தைக் குதிரையிடம் சொல்லுவான். தனக்கு ஒரு குதிரைகூட இல்லையே என்று கார்க்கி வருந்தி எழுதியிருக்கிறார்.

அந்த வருஷம் டிசம்பரில் அவன் தன்னைத் தானே சுட்டுக்கொண்டான். 19 வயது. குண்டு இதயத்தைத் தவறவிட்டு நுரையீரலில் பாய்ந்தது. உயிர் தப்பியது. அதுவரை எல்லாக் கொடுமையையும் தாங்கி ‘உரம் ஏறியவன்’ அவன். கஷ்டம் மனிதனை வலுவாக்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த டிசம்பரைப் பற்றிப் பேசுவதில்லை.

பிறகும் ஒரு மனிதர் வந்தார். சைபீரியாவில் பல வருஷம் அரசியல் கைதியாக இருந்துவிட்டுத் திரும்பிய ரொமாஸ். ஒரு கிராமத்தில் கடை வைத்திருக்கிறேன், நிறையப் புத்தகம் இருக்கிறது, வந்து என்னோடு இரு என்று கூப்பிட்டார். சில மாதங்களில் ஊர்ப் பணக்காரர்கள் கடைக்குத் தீ வைத்தார்கள். கிராமத்து மக்கள் மேலேயே வெறுப்பாகப் பொங்கினான் அந்த இளைஞன். எல்லாம் இழந்த ரொமாஸ், மனிதர்களைப் பற்றி அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதே என்று அவனைத்தான் அமைதிப்படுத்தினார். அதன் பிறகு தெற்கு ரஷ்யா முழுவதும் கால்நடையாகத் திரிந்து, திஃப்லிஸ் நகரில் கலியூழ்னி என்பவரிடம் தன் கதைகளைச் சொன்னான். சொன்னதை அப்படியே எழுது என்று அவர் வற்புறுத்தினார். 1892-ல் ‘மகார் சுத்ரா’ என்ற கதை வெளியானது. காலராவில் போன அப்பாவின் பெயரான மாக்சிமையும், கசப்பு என்று பொருள்படும் கார்க்கியையும் சேர்த்துப் புனைபெயராக்கிக்கொண்டார்.

இதை இத்தோடு நிறுத்தினால் நான் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். 1929-ல் கார்க்கி சலவெத்ஸ்கித் தீவுகளில் இருந்த சோவியத் கைதி முகாமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பாராட்டும் விதமாக எழுதினார். கைதிகள் உயிரைக் கொடுத்து வெட்டிய வெண்கடல் கால்வாயைப் புகழ்ந்து 1934-ல் வந்த நூலின் தொகுப்பாசிரியர்களில் அவரும் ஒருவர். பிறத்தியார் வலி உறுத்துகிற மனசு தனக்கு எப்படி வந்தது என்று அத்தனை துல்லியமாக எழுதியவர், அந்த முகாமில் அதை உணரவில்லையா, உணர்ந்தும் எழுதவில்லையா? அவரை நேசிக்கிற வாசகனாக எனக்கு இது ஆறாத துக்கம்.

அதற்கு முந்தைய ஆண்டுகளில் உக்ரைனில் இன்னொன்றும் நடந்தது. உள்நாட்டுப் போரில் அனாதையாகித் திருட்டிலும் வழிப்பறியிலும் இறங்கிய பிள்ளைகளுக்காக 1920-ல் பொல்தாவா அருகே ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. அதை நடத்திய அந்தோன் மகரென்கோ அதற்குக் கார்க்கியின் பெயரை வைத்தார். கார்க்கி பட்ட பாடுகளைச் சொல்லக் கேட்ட அந்தப் பிள்ளைகள், இது நம்ம கதை என்று எடுத்துக்கொண்டார்கள். அவருக்குக் கடிதம் எழுதினார்கள், அவரும் பதில் எழுதினார், 1928-ல் நேரில் வந்து அவர்களோடு தங்கினார். புதிதாக வருகிற பிள்ளையின் பழைய குற்றக் கதையைக் கிளறுவதை மகரென்கோ விட்டுவிட்டார். அது அங்கே எப்படி வேலை செய்தது, எங்கெல்லாம் தோற்றது என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)