எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு: 'கைடு' கை கொடுக்குமா? காலை வாருமா?

நாகர்கோவில்,

"எம்.பி.ஏ. எழுதணும் அண்ணாச்சி. நல்ல கைடு எது?"

டிகிரி கடைசி வருஷம் வந்துவிட்டால், புத்தகக் கடைகளில் மாணவ-மாணவிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி கூட வந்த தகப்பனாரிடம் இருந்து வரும்.

"இத படிச்சா சீட்டு கெடைக்குமா மக்களே?"

கிடைக்கும் என்று சொன்னால் பாதிப் பொய். கிடைக்காது என்று சொன்னாலும் பாதிப் பொய். கைடு எதுவரை கூட வரும், எந்த இடத்தில் கைவிட்டுப் போகும் என்பது தெரியாமல் கட்டுக் கட்டாக வாங்கி அடுக்குவதுதான் ஆபத்து. காசும் போகும், ஒரு வருஷமும் போகும்.

குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் படிப்பில் மட்டமானவர்கள் அல்ல. 2011-ம் ஆண்டு கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் இந்த மாவட்டத்துக்குத்தான். 91.75 சதவீதம்! அப்படி இருந்தும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு வந்தால் நல்ல மார்க் வாங்கியவர்களும் திகைத்து நிற்பது உண்டு. காரணம் என்ன?

கோனார் நோட்ஸ் பழக்கம்

தமிழ்நாட்டில் கைடு என்றாலே 'கோனார் நோட்ஸ்'தான் ஞாபகம் வரும். திருச்சி பழனியப்பா பிரதர்ஸ் வெளியிட்ட அந்த உரையைப் புரட்டாத தலைமுறை இல்லை. அது பலித்ததற்குக் காரணம் உண்டு. பள்ளிக்கூடத் தேர்வில் கேள்வி பாடப் புத்தகத்தில் இருந்து வரும். கைடிலும் அதே பாடம். மனப்பாடம் செய்தால் மார்க் விழும்.

ஐ.ஐ.எம். கல்லூரிகளுக்கான 'கேட்' தேர்வுக்கு அப்படி ஒரு பாடப் புத்தகமே கிடையாது. பாடமே இல்லாத தேர்வுக்கு நோட்ஸ் எப்படிப் போடுவது?

2024-ம் ஆண்டு கேட் தேர்வில் மொத்தம் 68 கேள்விகள், 2 மணி நேரம். மூன்று பகுதி, பகுதிக்கு 40 நிமிஷம்தான். ஆங்கிலப் பகுதியில் இருந்த 24 கேள்விகளில் 16 கேள்விகள், அங்கேயே கொடுக்கப்பட்ட 4 கட்டுரைகளைப் படித்துப் பார்த்து பதில் சொல்ல வேண்டியவை. கட்டுரை எதைப் பற்றியும் இருக்கலாம். இதில் எதை மனப்பாடம் செய்வது?

கைடு கை கொடுக்கும் இடம்

அதற்காக கைடை அடுப்பில் போட வேண்டாம். கணக்குக்கு அது நிச்சயம் உதவும்.

பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டு பி.ஏ., பி.காம். படித்தவர்கள் நிறைய. சதவீதம், விகிதம், வட்டி, 'இத்தனை ஆள் இத்தனை நாள்' எல்லாம் மறந்து போயிருக்கும். கேட் தேர்வுக் கணக்கு பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணக்குதான். முறுக்கிக் கேட்பார்கள், அவ்வளவே. வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள் கையில் இருக்கும் ஆர்.எஸ். அகர்வால் புத்தகம் போல ஒன்றை எடுத்து முதல் கணக்கில் இருந்து கடைசி வரை போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும்.

ஒரு புத்தகத்தை முழுசாக முடித்தவன், ஐந்து புத்தகத்தை அலமாரியில் அடுக்கியவனை விட மேல்.

அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் 'டான்செட்' தேர்வும் இந்த வகைதான். 2 மணி நேரம், 100 கேள்வி. கணக்கு, ஆங்கில இலக்கணம், கட்டுரை படித்து பதில் சொல்வது எல்லாம் கலந்து வரும். கேள்வியின் மாதிரி பழகுவதற்கு கைடு போதும். ஆனால் கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுதிப் பழகாவிட்டால், தெரிந்த கேள்விக்கே நேரம் இருக்காது.

பழைய கைடு, பழைய காலண்டர்

அண்ணன் படித்த புத்தகம், பழைய புத்தகக் கடையில் பாதி விலை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

2019-ம் ஆண்டு வரை கேட் தேர்வு 3 மணி நேரம், 100 கேள்விகள். 2020-ல் அது 2 மணி நேரம், 76 கேள்விகள் ஆனது. 2021-ல் 66. 2024-ல் 68. பழைய கைடை நம்பி 3 மணி நேரக் கணக்கில் பழகியவர் கதி என்ன ஆகும்?

வெளிநாட்டு எம்.பி.ஏ.வுக்கான 'ஜிமேட்' தேர்வு இன்னும் மோசம். 2023 நவம்பரில் புது முறை வந்தது. கட்டுரை எழுதுவது போச்சு. வாக்கியப் பிழை திருத்தும் கேள்வி போச்சு. ஜியோமிதியும் போச்சு. பழைய கைடில் இவைதான் பக்கம் பக்கமாக இருக்கும். வாங்கும் முன் அட்டையைப் பார்க்காதீர்கள். அச்சான வருஷத்தைப் பாருங்கள்!

குருட்டாம்போக்கு வித்தை

"தெரியாத கேள்விக்கு குறி வைக்கும் வித்தை" என்று சில கைடுகளில் ஒரு அத்தியாயமே உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

கேட் தேர்வில் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு, சரியான விடைக்கு 3 மார்க். தப்பானால் 1 மார்க் பிடித்துக்கொள்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு 40 கேள்விக்குக் குறித்தால், சராசரியாக 10 சரியாகும், 30 தப்பாகும். வரவு 30, செலவு 30. மிச்சம் பூஜ்யம்!

அமெரிக்காவில் அம்பலம்

வெளிநாட்டுக் கல்லூரிகள் மார்க்கோடு, 'எதற்காக எம்.பி.ஏ. படிக்க விரும்புகிறாய்?' என்று கட்டுரையும் கேட்கின்றன. மாதிரிக் கட்டுரை போட்ட கைடுகளும் உண்டு. அதைப் பார்த்துக் காப்பி அடித்தால்?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்சில் உள்ள யு.சி.எல்.ஏ. ஆண்டர்சன் கல்லூரி, விண்ணப்பக் கட்டுரைகளை கம்ப்யூட்டரில் போட்டு சோதித்தது. அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போட்டதாக 52 பேரின் விண்ணப்பங்களை நிராகரித்தது. 2012-ல் வெளியான செய்தி இது.

"கேள்வி அப்படியே வரும்!"

இப்படி யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு நகர்ந்து விடுவது நல்லது.

2003 நவம்பர் 23-ந்தேதி நடந்த கேட் தேர்வின் கேள்வித்தாள் முன்கூட்டியே வெளியாகி, லட்சக்கணக்கில் பேரம் நடந்தது அம்பலமானது. சி.பி.ஐ. களத்தில் இறங்கியது. தேர்வு ரத்து. ஒழுங்காகப் படித்த ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் 2004 பிப்ரவரியில் மறுபடி எழுத வேண்டி வந்தது. திருடினது யாரோ, அவதிப்பட்டது எல்லோரும்!

2009-ல் இருந்து தேர்வு கம்ப்யூட்டரில். இப்போது ஒரே நாளில் மூன்று வேளையாக, வேளைக்கு ஒரு கேள்வித்தாள் வைத்து நடத்துகிறார்கள். இதில் எந்தக் கேள்வி 'அப்படியே' வரும்?

மட்டிப்பழம் தெரியுமா?

தேர்வில் நல்ல மார்க் வாங்கினாலும் சீட் உறுதி இல்லை. 2024-ல் கேட் தேர்வு எழுதியவர்கள் 2 லட்சத்து 93 ஆயிரம் பேர். பத்தாம் வகுப்பு, பிளஸ் 2, டிகிரி மார்க், வேலை அனுபவம் இவற்றையும் ஐ.ஐ.எம்.கள் பார்க்கின்றன. பத்தாம் வகுப்பு மார்க்கை எந்த கைடாலும் இனி மாற்ற முடியாது.

அப்புறம் நேர்முகத் தேர்வு. கைடில் உள்ள இங்கிலீஷ் பதிலை ஒப்பித்தால், எதிரே இருப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். சொந்த ஊர் வியாபாரம் தெரிந்தவன் பேச்சே வேறு. தோவாளைப் பூச்சந்தையில் முகூர்த்த நாளில் மல்லி விலை ஏன் எகிறுகிறது? முப்பந்தலில் ஏன் இத்தனை காற்றாலை? 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய குமரி மட்டிப்பழத்தை வெளியூரில் எப்படி விற்கலாம்? இதற்கு யோசித்துப் பதில் சொல்கிறவன்தான் வியாபாரப் படிப்புக்கு வந்தவன்.

செய்ய வேண்டியது

கணக்குக்குப் புது பதிப்பாக ஒரே ஒரு கைடு. தேர்வை நடத்துகிறவர்களின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வு. தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலப் பத்திரிகை. நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்தில் உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. தப்பான விடைகளைத் தனி நோட்டில் எழுதி, ஏன் தப்பு என்று பார்ப்பது. இவ்வளவுதான் செலவு.

2024-ல் கேட் விண்ணப்பக் கட்டணமே 2,500 ரூபாய்; தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 1,250. சீட் கிடைத்தால் பெரிய ஐ.ஐ.எம்.களில் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டும். பால் வெட்டியும் வலை இழுத்தும் பிள்ளையைப் படிக்க வைக்கிற வீட்டில் ஒவ்வொரு ரூபாயும் கணக்குதான். அந்தக் காசை புத்தகக் கட்டுக்கும் 'சீட் கேரண்டி' விளம்பரத்துக்கும் இறைக்கலாமா?

கைடு என்றால் வழிகாட்டி. வழியைக் காட்டும். நடக்க வேண்டியது நம்ம கால்தான்!