சுவருக்குள் ஒரு சண்டை

கட்டடம் எழும்பும்போது ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் உடைக்கிறார். கடைசியில் விலை கொடுப்பவர், அதில் குடியேறுபவர்.

காலையிலேயே காங்கிரீட் லாரி வந்து நின்றுவிட்டது. கம்பி கட்டும் வேலை முடிந்தது முந்தின இரவுதான். எலக்ட்ரீஷியனுக்குத் தகவல் போனதோ அதற்கும் பிறகு. கம்பி வலைக்கு நடுவே குனிந்து அவர் பிவிசி குழாய்களை அவசரமாகச் செருகிக்கொண்டிருக்க, மறுமுனையில் காங்கிரீட் கொட்டத் தொடங்கிவிடுகிறது. நொய்டாவானாலும் பெங்களூரானாலும் பழகிப்போன காட்சி இது.

அன்று நேர்ந்த தவறு அன்றே தெரிவதில்லை. பசை தடவாமல் செருகிய குழாய் மூட்டு வைப்ரேட்டரின் அதிர்வில் கழன்றிருக்கும். இன்னொரு குழாய் யாரோ மிதித்து நசுங்கியிருக்கும். உள்ளே புகுந்த சிமென்ட் பால் இறுகிக் கல்லாகிவிடும். சில மாதங்கள் கழித்து ஒயர் இழுக்கும்போது அது பாதி வழியில் நின்றுவிடும். பிறகென்ன, உளியும் சுத்தியலும்தான். பூசி முடித்த கூரை உடைபடுகிறது. கொத்தனார் எலக்ட்ரீஷியனைத் திட்டுகிறார்; எலக்ட்ரீஷியன் காங்கிரீட் போட்டவர்களைத் திட்டுகிறார்.

சுவரிலும் இதே கதைதான். செங்கல் கட்டி, அது நன்றாக இறுகிய பிறகு, பூச்சுக்கு முன்னால் காடி வெட்டிக் குழாயைப் பதிக்க வேண்டும். பாரம் தாங்கும் சுவரில் நெடுக்காக வெட்டும் காடியின் ஆழம் சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, குறுக்காக வெட்டினால் ஆறில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 1905. அதாவது 9 அங்குலச் சுவரில் நெடுக்கில் 3 அங்குலம், குறுக்கில் ஒன்றரை அங்குலம். பூச்சு முடிந்த பிறகு வரவழைக்கப்படும் எலக்ட்ரீஷியன் கையில் அளவுகோல் இருப்பதில்லை. அவர் வெட்டிய இடத்தில் கம்பி வலை வைக்காமல் மேலோட்டமாகப் பூசிவிட்டால், ஆறே மாதத்தில் சுவரில் ஒரு நேர்கோடு விரிசலாக எழும்.

தச்சர் கதவின் கீலை மறுபக்கம் மாற்றுகிறார். சுவிட்ச் போர்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. டைல்ஸ் ஒட்டுபவர் சுவரின் கனத்தைக் கூட்டுகிறார்; சுவிட்ச் பெட்டி குழிக்குள் போய்விடுகிறது. குளியலறையில் பிளம்பர் குழாய் வைத்த இடமும் கீஸர் பிளக் வர வேண்டிய இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

இவர்கள் யாரும் வேலை தெரியாதவர்கள் அல்ல. வங்கத்தின் மால்டாவிலிருந்து வரும் கொத்தனார்களுக்கும், ஒடிசாவின் கேந்திரபாராவிலிருந்து வரும் பிளம்பர்களுக்கும் நாடு முழுவதும் கிராக்கி உண்டு. கோளாறு கூலி முறையில்தான் இருக்கிறது. பூச்சு வேலைக்குச் சதுர அடிக் கணக்கு. கம்பி கட்ட டன் கணக்கு. எலக்ட்ரீஷியனுக்குப் பாயின்ட் கணக்கு. காத்திருக்கும் நேரத்துக்கு எந்தக் கணக்கிலும் கூலி கிடையாது. அடுத்தவருக்காக அரை நாள் நிற்பவர் அரை நாள் கூலியை இழக்கிறார். ஆகவே யாரும் நிற்பதில்லை.

அரசுத் துறையும் இந்தப் பிளவை அறியாததல்ல. 1854-இல் தொடங்கிய மத்தியப் பொதுப்பணித் துறையில் சிவில், எலக்ட்ரிகல் என்று இரண்டு பிரிவுகள். இரண்டுக்கும் தனித்தனி டெண்டர் விடுவது நெடுங்கால வழக்கம். இரண்டையும் ஒரே கான்ட்ராக்டரிடம் ஒப்படைக்கும் கூட்டு டெண்டர் முறை பிறகுதான் வந்தது. ஆனால் காகிதத்தில் ஒன்றான வேலை, களத்தில் துணை கான்ட்ராக்டர்களிடம் மறுபடியும் துண்டு துண்டாகிவிடுகிறது.

இன்னொரு முரணும் உண்டு. மின் இணைப்பு வேலையை உரிமம் பெற்ற கான்ட்ராக்டர்தான், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் மின்சார விதிகளிலிருந்தே நிபந்தனை இருக்கிறது. கொத்தனாருக்கும் தச்சருக்கும் அப்படியொரு நிபந்தனை இல்லை. ஆனாலும் சைட்டில் கடைசியாக அழைக்கப்படுபவர் எலக்ட்ரீஷியன்தான்.

இது வெறும் விரிசல் விவகாரமாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். ஒரு குழாய் அடைத்துக்கொண்டால் அதில் போக வேண்டிய ஒயர்களும் பக்கத்துக் குழாயில் திணிக்கப்படுகின்றன. நெரிசலில் ஒயர் சூடேறும். இடம் போதாதபோது எர்த் ஒயரையே விட்டுவிடுபவர்களும் உண்டு. வரைபடத்தில் இல்லாத பாதையில் பதித்த குழாயின் மேல், பின்னாளில் யாரோ படம் மாட்ட ஆணி அடிப்பார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-இல் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். அத்தனைக்கும் வீட்டு ஒயரிங் காரணமல்ல. ஆனால் சுவருக்குள் புதைந்த தவறு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் அச்சம்.

தீர்வுக்குப் பெரிய செலவில்லை. ஒழுங்காக நடக்கும் நிறுவனங்களில் ‘போர் கார்டு’ என்றொரு சீட்டு உண்டு. சென்ட்ரிங், கம்பி, எலக்ட்ரிகல், பிளம்பிங் என்று ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் கையெழுத்துப் போட்ட பிறகே காங்கிரீட் இறங்கும். பெயரில் போர் இருந்தாலும் சண்டையைத் தவிர்ப்பது அதன் வேலை. காங்கிரீட் போடும்போது ஒரு எலக்ட்ரீஷியன் கூடவே நின்றால், கழன்ற மூட்டை அங்கேயே சரிசெய்துவிடலாம். அவருக்கு அன்றைக்கு நாள் கூலி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீடு வாங்குவோருக்கும் ஒரு பிடி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் வேலைத்தரக் குறைபாடு சுட்டிக்காட்டப்பட்டால், கட்டியவர் 30 நாட்களில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்தமாகக் கட்டுபவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். குழாய் எந்த வழியே போகிறது என்று பத்து வருடம் கழித்தும் அது சொல்லும்.

லாரி இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் காசு வீண் என்பது சைட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்த கணக்கு, கூரையை உடைக்கும் நாளில்தான் தீர்க்கப்படுகிறது.